முறுக்கு அச்சில் பூத்த வெல்வெட்

இந்த மெயிலை எழுதும்போதும் என் ரவிக்கையில் லேசாக முறுக்கு வாசம் அடிக்கிறது.

இன்று தம்பி மகனுக்குக் காதுகுத்து. காலையில் உதவுவதாக நினைத்து, என் வெல்வெட் ரவிக்கையை வீட்டுக்காரர் தேய்த்தார். முதுகில் இஸ்திரிப்பெட்டித் தடம் பளபளவென்று பதிந்துவிட்டது. மனிதர் முகம் சுண்டிப்போயிற்று.

பூ வடிவ அச்சுமுறுக்கு அச்சைத் துடைத்து, அதன்மேல் ரவிக்கையைக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்தேன்.

"இப்பம் பெட்டிய வச்சு பைய அழுத்துங்க."

அச்சை நகர்த்த நகர்த்த, தடம் முழுக்கப் பூப்பூவாக விழுந்தது.

காதுகுத்துக்குப் போக வண்ணார்பேட்டையில் பஸ் ஏறியும் அவர் முகம் தெளியவில்லை. அம்பாசமுத்திரம் நெருங்கும்போது பின்சீட்டு அக்கா என் முதுகைத் தொட்டார்.

"ஏம்மா, இந்தப் பூ வெல்வெட்டு எந்தக் கடையில எடுத்த?"

நான் திரும்புவதற்குள், "கடையில இல்லக்கா, நாந்தான் வீட்டுல வச்சுத் தேய்ச்சேன்!" என்றார் இவர்.

முகத்தில் அப்படியொரு சிரிப்பு. அச்சைப் பற்றி நான் மூச்சே விடவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் எதைத் தேய்த்தார்?