எந்த ஊரில் குடித்தனம்

அப்பாவழியில் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமையை நாற்பது வயதுவரை சும்மா வைத்திருந்த என் கணவர், சில வருடங்களுக்கு முன் திடீரென்று பாரிஸுக்கு வேலைக்குக் கிளம்பினார். புதுச்சேரிக்கு இது புதிதல்ல. எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் மனைவி இங்கே, கணவன் அங்கே. அரசாங்க வேலையை விட மனமில்லாமல் நான் லாஸ்பேட்டையிலேயே இருந்துவிட்டேன்.

போன வருடம் ஆடியில், வீராம்பட்டினம் தேருக்கென்று லீவில் வந்தவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன், நடைப்பயிற்சி என்று மாசி வரை இழுத்தது. ஊரே உச்சுக்கொட்டியது. எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். வேலை முடிந்து திரும்பும்போது வீட்டில் விளக்கு எரியும், டிவி சத்தம் கேட்கும். கால் மெதுவாகவே கூடட்டும் என்று வேண்டிக்கொண்ட பாவி நான்.

அத்தனை மாதம் தங்கியதால் அந்த வருடத்துக்கு அவர் இந்தியாவாசி, அங்கே வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி கட்ட வேண்டும் என்றது நம் சட்டம். அவர் எங்கள் ஆள் என்றது பிரான்ஸ். ஆடிட்டரிடம் போனோம். இரண்டு நாட்டிலும் வீடு இருந்தால், மனுஷனுக்கு ஒட்டுதல் எங்கே அதிகமோ அந்த நாட்டுக்காரராகத்தான் கணக்கு என்றார் அவர்.

“கேஸு, கரண்டு எல்லாம் இவரு பேர்லதான் சார் இருக்கு. வாசல்ல பேர்ப்பலகையக்கூட நான் எடுக்கல” என்றேன் பெருமையாக.

“அதாம்மா சிக்கலே. இங்க ஒட்டுதல் கம்மின்னு காட்டுனாத்தான் வரி வராது” என்றவர், என் கணவரிடம் திரும்பினார். “அங்க உங்களுக்கு என்னென்ன சார் இருக்கு?”

அவர் சொல்லத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் இரும்புக் குண்டு உருட்டி விளையாடும் கூட்டாளிகள். பால்கனியில் தக்காளிச் செடி. அவர் இல்லாதபோது அதற்குத் தண்ணீர் ஊற்றும் கீழ்வீட்டுக் கிழவி. சொல்லச் சொல்ல முகம் மலர்ந்தது. எதுவும் எனக்குத் தெரியாது. தினமும் போனில் “சாப்ட்டியா?” என்று கேட்பவர், தக்காளிச் செடியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“இங்க?” என்றார் ஆடிட்டர்.

அவர் யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இங்க வீடு இருக்குது. இவங்க இருக்காங்க.”

வெளியே வந்ததும் அடக்க முடியாமல் அழுதேன். “ஏங்க, அந்த வரியக் கட்டித் தொலச்சிடலாம். நானே பி.எஃப்.ல எடுத்துத் தரேன். இந்த ஒரு வருஷத்துக்காவது ‘எனக்கு எல்லாம் இங்கதான்’னு சொல்லிடுங்க.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது பொய்யாயிடுமே” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவ்வளவு தன்மையாகச் சொன்னார்.