கோர்னெட் கூப்பிட்ட குரல்

பழைய ஜாஸ் இசைத்தட்டுகளில் கேட்கும், சின்ன ட்ரம்பெட் போன்ற கோர்னெட்டின் சத்தம் எவ்வளவு முயன்றும் எனக்கு வரவில்லை. நாரந்தனையில் என்னோடு கிளாரினெட் வாசிக்கும் அன்ரன் நேற்றுச் சொன்னார்: "உம்மட சத்தம் சரியான சுத்தம். பழைய ஆக்கள் அதைக் கதைக்க வைச்சவை." நான் தொப்பியைக் கழற்றி, அதால் கோர்னெட்டின் அகன்ற வாயை மூடியும் திறந்தும் ஊதினேன். அடைபட்டு வந்த அந்த முனகல் என்னை எங்கள் பழைய வீட்டில் அம்மா சமைக்கும் குசினிக்குக் கொண்டுபோனது.

அப்பா கடலுக்குப் போகிறவர். கோயில் பாண்ட் குழுவில் கோர்னெட் வாசித்தார். அம்மாவின் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் அது. அம்மா அழவில்லை, கதைப்பதையும் விட்டிருந்தார். திருநாளுக்காக அப்பா குசினி வாசலில் ஊதிப் பழகியபோதுதான், "நிப்பாட்டுங்கோ, கேக்க ஏலாது" என்றார் அம்மா.

அப்பா உப்புப் படிந்த தொப்பியால் கோர்னெட்டின் வாயைப் பொத்தி, மெல்லத் திறந்தார். "அக்...கா" என்றது கோர்னெட். மாமா வாசல் படலையில் நின்று கூப்பிடுகிற அதே இழுவை.

அம்மா வெட்டிக்கொண்டிருந்த மீனைச் சட்டிக்குள் போட்டுவிட்டு வாய்விட்டு அழுதார். அப்பா பயந்துபோய்க் கோர்னெட்டைக் கீழே வைத்தார்.

"வைக்காதேங்கோ," என்றார் அம்மா. "இன்னொருக்கா அவனைக் கூப்பிடச் சொல்லுங்கோ."

நேற்று நான் சுரங்களை யோசிக்காமல் ஊதிக்கொண்டே இருந்தேன். அன்ரன் தன் கிளாரினெட்டை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆரையப்பா கூப்பிடுறீர்?" என்று மெதுவாகக் கேட்டார்.