பக்கத்துக் கல்லறையில் கொட்டிய பெயின்ற்

மரித்தோர் திருநாள் நெருங்கினால் கொட்டாஞ்சேனைப் பக்கம் எனக்கு வேலை கிடைக்கும். சேமக்காலையில் கல்லறைகளுக்கும் சிலுவைகளுக்கும் பெயின்ற் அடிப்பேன். ஒரு வருடம் கறுப்பு பெயின்ற் டின் கைதவறி, பக்கத்துக் கல்லறையின் வெறும் கொங்கிரீட்டில் கவிழ்ந்தது.

"விடுங்க தம்பி, அதுக்கு ஒருத்தரும் வாறதில்ல," என்றார் என்னை வேலைக்குக் கூப்பிட்ட அக்கா.

எனக்கு மனம் கேட்கவில்லை. அவசரத்தில் தின்னரை ஊற்றினேன். அதுதான் பிழை. ஈரப் பெயின்ற் கரைந்து பரவி, கொங்கிரீட்டுக்குள் இறங்கிவிட்டது. பிறகுதான் மணலைப் போட்டு ஊறவிட்டு அள்ளினேன். மிச்சத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு வயோதிபர் கைத்தடியை ஊன்றி அவசரமாக வந்தார்.

"மகன்!" என்றார்.

நான் திரும்பினேன். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

அது அவருடைய மனைவியின் கல்லறை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்ல தம்பி. தூரத்தில இருந்து பார்க்க, என்ட மகன்தான் திரும்பி வந்து அம்மாட கல்லறையத் துப்பரவாக்குறான் எண்டு நினைச்சிட்டன். அவன் வீட்ட விட்டுப் போய்க் கனகாலம். நானும் கால் ஏலாம இங்கால வரேல்ல."

கறை முழுவதும் போகவில்லை. அவர் அதன் மேலேயே மெழுகுதிரியை ஏற்றினார்.

நானும் வீட்டை விட்டு வந்தவன்தான். என் அம்மாவைப் புதைத்த இடத்தை நான் பார்த்ததில்லை. அதைக் காட்டியும் யாராவது, "அதுக்கு ஒருத்தரும் வாறதில்ல" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.