ஜெக்கரியாவின் நீலக் கட்டம்

திருவாரூரில் எங்கள் வணிக வளாகத்தின் முன்தரையில் ஒரு நீலக் கட்டம் இருக்கிறது. நடுவில் வெள்ளை பெயிண்டில் சக்கர நாற்காலிப் படம். கட்டட அனுமதிக்கு அது வேண்டும் என்றதும் உரிமையாளர் ராஜராஜன் ஆள் வைத்து வரையச் சொன்னார். அனுமதி கைக்கு வந்த மறுநாளே அதன்மேல் தன் காரை நிறுத்தினார். வளாகத்தில் மத்தியான வெயில் படாத இடம் அது ஒன்றுதான்.

அந்தக் கட்டம் யாருக்காக வரையப்பட்டதோ அவர் பெயர் ஜெக்கரியா. என் தையல் கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருகிறார். கூத்தாநல்லூர்க்காரர். இருபத்திரண்டு வயதில் ஷார்ஜா போனவர், ஒன்பதாம் வருடம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஊர் திரும்பினார். முதல் இரண்டு வருடம் அவரை ஆட்கள்தான் தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, கக்கூஸுக்கு. தூக்கியவர்களில் பாதிப் பேர் அதைத் தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்தார்கள். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கிடைத்த அன்று அவர் மனைவி ஹலீமா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாராம். அதன்பிறகு பாய் தன்னை யாரும் தூக்க விட்டதில்லை.

ஸ்கூட்டரை நீலக் கட்டத்தில் நிறுத்துவார். பக்கத்தில் கட்டியிருக்கும் மடக்கு நாற்காலியை விரித்து, கைகளை ஊன்றி அதற்கு மாறுவார். கட்டத்தை ஒட்டிய சாய்தளத்தில் சக்கரத்தைத் தள்ளி ஏறிக் கடையைத் திறப்பார். பத்து நிமிட வேலை, ஒருவர் தயவும் வேண்டாம். கட்டத்தில் கார் நின்றால் சாய்தளத்தின் வாயும் அடைத்துக்கொள்ளும், அவர் தெருவில் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருப்பார்.

"எங்க எடத்துல வண்டி நிறுத்த நான் யாரைக் கேக்கணும் பாய்? ஒரு கொரல் குடுத்தா ட்ரைவர் எடுக்கப் போறான்" என்பார் ராஜராஜன். ட்ரைவர் சாவியோடு டீக்கடையில் இருப்பான். முதலாளி இல்லாத நேரத்தில் வேறு ஜந்துக்கள் வரும். 'ரெண்டே நிமிஷம்' என்று விரலைக் காட்டிவிட்டு முக்கால் மணிநேரம் காணாமல் போகும் ஜந்துக்கள். சிலர் நாலு பக்கமும் விளக்கை மினுக்க விட்டுப் போவார்கள். அதோடு பாவமன்னிப்பு கிடைத்துவிட்டதாக நினைப்பு. படித்தவர்கள்தான் அதிகம். படிக்காதவனுக்கும் புரியட்டும் என்றுதான் எழுத்து இல்லாமல் படம் வரைந்திருக்கிறது.

பாய் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு போட்டார். நாலு மாதம் கழித்து, தை மாதம் ஒரு புதன்கிழமை மாலை மூன்று மணிக்கு விசாரணை என்று அவருக்கும் ராஜராஜனுக்கும் கடிதம் வந்தது. கட்டத்துக்கு நேரே கம்பி நட்டு, கார் நுழையாமல் செய்ய உத்தரவு வாங்கிவிடலாம் என்று பாய் நம்பினார்.

அந்த வாரம் சம்பா அறுப்பு. நெல்லில் ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட, ராஜராஜன் அத்தனையையும் கொண்டுவந்து எங்கள் வளாகத்தின் சிமெண்ட் தரையில் காயப்போட்டார். காரைத் தெருவில் நிறுத்தினார். நெல்லுக்காக இடம் விடுவார், மனிதனுக்காக விடமாட்டார். அதனால் புதன்கிழமை காலையில் பாய் தன் கட்டத்தில் தகராறில்லாமல் வண்டியை விட்டார்.

ஒன்றரை மணிக்குக் கறுத்துக்கொண்டு வந்தது. இந்த ஊரில் யார் நெல்லாக இருந்தாலும் மழைத்துளி விழுந்தால் ஓடிப்போய் அள்ளுவோம். பகையாளி நெல்லானாலும் அள்ளுவோம், அதில் எங்களுக்குப் பெருமை வேறு. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன். செல்போன் கடை மூஸா வந்தான், மாடியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். தண்ணீர் தேங்காத மேடு எது? நீலக் கட்டமும் சாய்தளமும்தான். ஸ்கூட்டரைச் சுற்றி, சாய்தளத்தை மூடி, மளமளவென்று குவித்தோம். மேலே தார்ப்பாயைப் போட்டு விளிம்பில் செங்கல் வைத்தோம். மழை கொட்டியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

இரண்டேகாலுக்குப் பாய் சட்டையை மாற்றிக்கொண்டு, மடியில் கோப்போடு கடை வாசலுக்கு வந்தார். குவியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தார்ப்பாய எடுங்க ரெமி அண்ணே. வண்டிய எடுக்கணும்."

என் வாயிலிருந்துதான் வந்தது அது. "நெல்லு நனைஞ்சுடுமே பாய்!"

அவர் எங்கள் ஆறு பேர் முகத்தையும் பார்த்தார். ஒருவனும் செங்கல்லைத் தொடவில்லை. "ஆட்டோ கூப்புடுறேன், நாங்க தூக்கி ஏத்திவிடுறோம்" என்றேன். பெரிய உபகாரம் செய்கிற குரல் எனக்கு. மணி இரண்டரை தாண்டியது.

"சரி, தூக்குங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

நாலு பேர் தூக்கினோம். குடை பிடித்தபடியே மூஸா செல்லில் படம் எடுத்தான். ஆட்டோ போனதும் அதை வாங்கி வளாகத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'மனிதநேயம் எங்கள் வளாகத்தில்' என்று எழுதி, கைகூப்பும் படம் மூன்று சேர்த்தேன். அந்தக் குழுவில் ராஜராஜனும் இருக்கிறார்.

பாய் மூன்று மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கம்பி வேண்டும் என்று சொன்னார். ராஜராஜன் செல்லை எடுத்து அதிகாரியிடம் நீட்டினாராம். "எங்க பில்டிங்ல அவரைத் தரையில கால் படாம பாத்துக்கறாங்க சார். பாருங்க, இன்னிக்கு எடுத்தது." அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாராம். நல்ல மனிதர்தான், கண்கூட கலங்கியதாம். 'மனுதாரருக்கு வளாகத்தில் போதிய உதவி கிடைக்கிறது. மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்று இரவே நெல் போய்விட்டது, மூஸா ஸ்கூட்டரைப் பாய் வீட்டில் விட்டுவந்தான். வியாழக்கிழமை காலை கட்டத்தில் கார் நின்றது. பாய் தெருவில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து இதையெல்லாம் என்னிடம் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. இத்தனை வருடம் ராஜராஜனைக் கேவலமாகப் பேசிய வாய் இது. அவர் ஜெயிக்கச் சாட்சி எழுதிக் கொடுத்ததும் என் விரல்தான்.

"படத்த அழிச்சுடுறேன் பாய்" என்றேன்.

"அழிச்சு என்ன ஆகப்போவுது? மாடிக்குப் போயி, மொதலாளிகிட்ட கார எடுக்கச் சொல்லுங்கண்ணே. நீங்க சொல்லுங்க, ஒரு தடவ. எடுக்கற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன். தூக்க மட்டும் யாரும் வர வேணாம்."

மாடிப்படி வரை போனேன். என் கடையின் வாடகை ஒப்பந்தம் பங்குனியில் முடிகிறது, புதுப்பிக்க ராஜராஜன் கையெழுத்து வேண்டும். முதல் படியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்து மிஷினில் உட்கார்ந்து, யாருடையதோ ஒரு ஜாக்கெட்டுக்குக் கை தைத்தேன். கார் கிளம்பிப் போன பதினொன்றரை வரை பாய் வெயிலில் இருந்தார். என் கடைப் பக்கம் அவர் திரும்பவில்லை.