ஊசியில்லாத முக்காடு

அந்தச் சனிக்கிழமை ஓவர்டைமில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் ஓவர்லொக் மெசினடியில் இருந்தவர்கள் நாலு பேர்: நான், பக்கத்து மெசின் ரஹீமா ராத்தா, அவரின் பதினாறு வயது மகள் ஷிபா, சூப்பர்வைசர் மரியா. நாலாவது ஆளை நாங்கள் கூப்பிடவில்லை.

ராத்தாவும் நானும் மட்டக்களப்புப் பக்கம். மொன்றியலுக்கு அகதியாக வந்து ஒரே தையல் பெக்டரியில் சேர்ந்தோம்.

ஷிபா பள்ளிக்கூடத்து உதைபந்தாட்ட அணியில் இருந்தாள். "ஊரில எந்தப் பொம்புளப் புள்ள பந்தடிச்சா?" என்று இரண்டு மாதம் மறித்த அவளின் தகப்பன், அவள் வாப்பா, தலையும் காலும் மூடியிருந்தால் ஆடலாம் என்று கடைசியில் இறங்கிவந்தார். காலுக்கு நீளக் காற்சட்டை கிடைத்தது. முக்காட்டில்தான் சிக்கல். ஊசி குத்தினால் நடுவர் விடமாட்டார். குத்தாவிட்டால் ஓட்டத்தில் கழன்றுவிடும். மறுநாள் ஆட்டம். வாப்பாவும் வருகிறார்.

"தலையோட ஒட்டி நிக்கிற மாதிரி ஒண்டு தைச்சுத் தா, புள்ள," என்றார் ராத்தா.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். பயத்தில் மட்டும் பட்டதாரி. முக்காடு கழன்றால் அவளுடைய ஆட்டம் முடிந்தது. பெக்டரித் துணியில் சொந்தத் தையல் தைப்பதை மரியா கண்டால் என் வேலை முடிந்தது. அகதி வழக்கோ இன்னும் முடியவில்லை. அந்த அவசரத்தில் ரிப் என்கிற இழுபடும் துணியை நீளவாட்டில் வெட்டித் தைத்தேன். ரிப் அகலவாட்டில்தான் இழுபடும். ஆயிரக்கணக்கில் ரீசேர்ட் கழுத்துத் தைத்த கைக்கு அது தெரியும், பயத்துக்குத் தெரியவில்லை.

ஷிபா போட்டாள். மூக்கோடு நின்றுவிட்டது.

"உம்மா, மூச்சு முட்டுது!"

"பந்து வந்தா மூக்கால அடி," என்றார் ராத்தா.

திரும்பினால், மரியா. அவர் துணியை வாங்கி இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். "நோ, நோ," என்று வெட்டு மேசையிலிருந்து வேறு துண்டு கொண்டுவந்து, அகலவாட்டைச் சோக்குக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினார். பிறகு சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். சாப்பாட்டு நேரம் முடியும் மணி அடிக்கமுன் முடித்தேன்.

"ரெண்டு டொலர், ராத்தா."

ஷிபா முந்திக்கொண்டாள். "நான் முதல் கோல் அடிச்சவுடன தாறன், அன்ரி."

மறுநாள் நானும் போய் நின்றேன். அவள் நின்றது கோல் கம்பங்களுக்கு நடுவில்! விழுந்தாள், புரண்டாள், நான் பந்தைப் பார்க்கவில்லை, அந்தத் தலையைத்தான் பார்த்தேன். முக்காடு அசையவில்லை. பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தபோது, கைகட்டி நின்ற வாப்பா, "புடிச்சிட்டாள்!" என்று கத்திவிட்டு, சுற்றிப் பார்த்து இருமினார்.

தையலுக்கு வரும் பிள்ளைகளே, கத்தரிக்கோல் வைக்கமுன் துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். பயத்தில் வெட்டாதீர்கள்.

ஷிபா மூன்று வருடம் ஆடினாள். வாப்பா ஒரு ஆட்டமும் தவறவிடவில்லை. கோல் காக்கிறவள் எப்போது கோல் அடிப்பது? அந்த இரண்டு டொலர் இன்னும் வரவில்லை.