ஆடியிலேயே வந்த கடி ஈ

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு பசு வைத்திருக்கிறோம். மகாலட்சுமி என்று கும்பிட்டுவிட்டுத்தான் மடியில் கை வைப்பேன்.

மாடு வைத்தவனுக்கு ஈயின் காலம் தெரியும். கத்திரி வெயிலில் கண்ணையும் மூக்கையும் மொய்ப்பது சாதாரண ஈ, தொல்லைதான், கடிக்காது. ஆவணி மழையில் ஈரம் ஊறிய பிறகுதான் காலில் உட்கார்ந்து ரத்தம் உறிஞ்சும் கடி ஈ வரும். மார்கழிப் பனிக்கு அடங்கிவிடும்.

போன வருஷம் ஆடி முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. பசு ஓயாமல் காலை உதறியது. இரண்டு முறை வாளியை உதைத்துத் தள்ளியது. பால் பாதியாகிவிட்டது. மோப்பம் பிடித்த மாட்டுத் தரகர் ஒருவர் தினம் வாசலில் வந்து நின்றார். அவர் கைக்குப் போனால் பசு கசாப்புக்குத்தான் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும்.

என் சந்தேகமெல்லாம் கருவாடு காயவைக்கும் பக்கத்து வீட்டு அம்மாள் மேல். மீன் கழுவிய தண்ணீரை எங்கள் பக்கம் விடுகிறாரா என்று விடியலில் சுவரோரம் மோந்துகூடப் பார்த்தேன். ஒரு நாள் சுவருக்கு மேலே கேட்டேவிட்டேன்.

"இன்னாக்கா, உன் கருவாட்டு ஈய எம்மாட்டு மேல ஏவி வுட்டுகினு கீறியா?"

"யோவ், கருவாட்டு ஈ மாட்டு கால்ல போயி ஊசி போடுமா? நான் இன்னா அதுக்கு டிரெயினிங் குட்த்து அனுப்புனனா? உன் கொட்டா பின்னால போயி பாரு. நாத்தம் என் அடுப்படி வரிக்கும் வர்து. சாமி சமாச்சாரமாச்சேன்னு வாய மூடிகினு கீறேன்."

ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கழிக்கிற மாலைகளை மாட்டுக்கென்று மூட்டை மூட்டையாக வாங்கி வருவேன். மீந்ததைக் குப்பை வண்டியில் போட மனம் வராது. சாமி மேல் கிடந்த பூ, யார் காலும் படக்கூடாது என்று கொட்டகைக்குப் பின்னால் குவித்திருந்தேன். மாட்டு மூத்திரம் ஓடுவதும் அந்தப் பக்கம்தான்.

கம்பால் கிளறினேன். அழுகிய பூவின் வெதுவெதுப்பான ஈரத்துக்குள் ஈப் புழுக்கள் நெளிந்தன. அப்போதும் மனம் நம்பவில்லை. அந்த அம்மாள் எதையாவது கொட்டியிருப்பார் என்று மீன் செதிலைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மணலில் ஆழமாகக் குழி தோண்டி, தாயே மன்னித்துவிடு என்று சொல்லி எல்லாவற்றையும் புதைத்தேன். ஈ உடனே போய்விடவில்லை. தரகரும்தான். மூன்றாவது வாரம் ஒரு காலையில் பசு அசையாமல் நின்று பால் கொடுத்தது.

"மாட்ட விக்கிறதா இல்ல" என்று தரகரிடம் சொன்னேன்.

"இன்னா நைனா, என்னிய வுட்டு வேற ஆளாண்ட பேசி முட்ச்சிட்டியா?" என்றார். அம்மன் மேல் சத்தியம் செய்தேன். ஆனாலும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, பசு நிற்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவர் போனார்.