தவக்காலத்து முயல்

விரலில் ஆறாத புண், தோளுக்குக் கீழே கமக்கட்டில் நெல்லிக்காய் அளவு கட்டி, எந்தக் குளிசைக்கும் அடங்காத காய்ச்சல். என் மனுசனை ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டு, வாசலில் மாஸ்க் பெட்டியும் வைத்துவிட்டார்கள். காசநோயாக இருக்கலாமாம். டொக்டர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: இலங்கையிலிருந்து எப்போது வந்தீர்கள்? இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து முப்பது வருடம். அதற்குப் பிறகு இவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. எங்கள் முகத்தைக் கண்டதுமே நோய் பிளேனில் வந்ததென்று அவர் முடிவு கட்டிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செபக் கூட்டத்துக்கும் செய்தி போய்விட்டது. வாராவாரம் என் வீட்டில் தேத்தண்ணீர் குடித்தவர்கள் வாசலில் சூப்பை வைத்து, பெல்லை அடித்துவிட்டுக் காருக்கு ஓடினார்கள். அந்தச் சூப்பை அப்படியே சிங்கில் ஊற்றினேன்.

அன்று பின்னேரம் நான் ஆஸ்பத்திரியில் நிற்கும்போது ஒஷாவாவிலிருந்து இவருடைய கூட்டாளியின் மனைவி சுகம் விசாரிக்கப் போன் எடுத்தாள். “அக்கா, இவருக்கும் காய்ச்சல். விரலிலை புண் வேறை. ஃப்ளூ எண்டு சொல்லிப் படுத்திருக்கிறார்.”

போனை வைத்துவிட்டு மனுசனிடம் போனேன். “ரெண்டு பேரும் சேர்ந்து எதிலை கை வைச்சனீங்கள்?”

ஒன்றுமில்லை என்று போர்வையை இழுத்து மூடினார். நான் விடவில்லை. கடைசியில் உண்மையைக் கக்கினார். ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப்பக்கம் தெரிந்த ஒருவர் துவக்கால் சுட்ட காட்டு முயலாம். கூட்டாளியின் கராஜில் இரண்டு பேருமாக வெறுங்கையால் தோலை உரித்துக் கறி வைத்தார்களாம். தவக்காலத்தில்! நாற்பது நாளும் மச்சம் மாமிசம் தொடமாட்டோம் என்று கோயிலில் முன்னுக்கு நின்று சொன்ன ஆட்கள் இவர்கள். காசநோய்க்காரன் என்ற பேர் பரவாயில்லை, கறி தின்றவன் என்ற பேர்தான் வரக்கூடாது.

நான் முயல் என்றதும் டொக்டரின் முகம் மாறியது. துலரேமியா, முயல் காய்ச்சல் என்றார். ஆளுக்கு ஆள் தொற்றாது, சரியான மருந்து கொடுத்தால் சுகமாகும், கவனிக்காமல் விட்டால் ஆளையே கொண்டுபோகலாம் என்றார். இதை முதலே சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டார். என்ன துணிவு! ஊரைப் பற்றி அவ்வளவு விசாரித்தவர், கையால் எதையாவது தொட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டாரா? அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். மருந்தை மாற்றி எழுதப் போய்விட்டார்.

நான் ஒஷாவாவுக்கு எடுக்க, மனுசன் என் கையைப் பிடித்தார். “அவன்ரை மானத்தையும் வாங்காதையும்.”

“ஆள் செத்தால் மானத்தைப் பெட்டிக்குள்ளை வைச்சு அனுப்புறதோ?” கையை உதறினேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் கூட்டாளியின் குரல் கேட்டது. “நான் ஒரு முயலையும் தொடேல்லை. அவவுக்கு விசர்.”

“அவரோடை கதைக்க வேண்டாம்,” என்றேன். “அவரின்ரை கையைத் தூக்கிக் கமக்கட்டைத் தடவிப் பாரும்.”

ஏதோ இழுபறியும் அவருடைய முனகலும் கேட்டன. பிறகு அவள் அழத் தொடங்கினாள்.

“ஓம் அக்கா, கட்டி இருக்குது. நான் கார் திறப்பை எடுக்கிறன், இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்.”